மலை உச்சி ஓட்டலுக்கு நான் வழி காட்டிய கதை

எனக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது எதையாவது கேட்டால் "தெரியாது" என்று சொல்ல வாய் வராது. கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் சும்மா நின்றுகொண்டிருப்பேன். வெளியூர்க்காரர் ஒருவர் வந்து ஏதாவது ஒரு ஊர் வண்டி எங்கே நிற்கும் என்று கேட்பார். அந்த ஊரையே நான் அப்போதுதான் கேள்விப்படுவேன். ஆனால் கை தானாக நீண்டு ஒரு திசையைக் காட்டிவிடும். ஒரு தடவை திருநாவலூர் கோயிலுக்குப் போகவேண்டிய ஒரு குடும்பத்தைத் திருக்கோவிலூர் வண்டியில் ஏற்றி, இடமும் பிடித்துக் கொடுத்து, கையசைத்து அனுப்பிவைத்தேன். வண்டி நகர்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த அம்மா ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து நன்றியோடு சிரித்தார். நானும் சிரித்தேன். அதற்கு மேல் என்ன செய்ய முடியும்?

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் மேற்கே கல்வராயன் மலை தெரியும். மழை விட்ட காலையில் மடிப்பு மடிப்பாக, பச்சை நிறம் கூடத் தெரியும். கல்யாணமான புதிதில் துணி காயவைக்க மாடிக்கு வந்த என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, "அங்க போயிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"எத்தினியோ வாட்டி" என்றேன்.

ஒரு வாட்டிகூடப் போனதில்லை. பள்ளிக்கூடத்தில் படித்தபோது அடிவாரத்துக் கோமுகி அணைவரை கூட்டிப்போனார்கள். புளிசாதம் சாப்பிட்டோம், திரும்பி வந்தோம். அவ்வளவுதான் எனக்கும் மலைக்கும் இருந்த பழக்கம்.

"என்னையும் ஒருவாட்டி கூட்டிகினு போங்களேன்" என்றாள்.

"அடுத்த மாசம் போலாம்" என்றேன். அந்த அடுத்த மாசம் வராமலே இருபத்திரண்டு வருடம் ஓடிவிட்டது. அவள் தினமும் அதே மாடியில்தான் துணி காயவைக்கிறாள். மலையும் எங்கும் போய்விடவில்லை.

நான் வேலை செய்வது ஓர் உரக்கடையில். மரவள்ளிக்கு உரமும் பூச்சிமருந்தும் வாங்க மலையிலிருந்து ஆட்கள் இறங்கி வருவார்கள். மூட்டை கட்டும் நேரத்தில் பேச்சுக் கொடுத்து மலைச் சேதியெல்லாம் கேட்டு வைத்துக்கொள்வேன். எந்த ஊரில் கடுக்காய் காய்த்திருக்கிறது, எந்தச் சாலையில் பாறை சரிந்திருக்கிறது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அதை வைத்துக்கொண்டு சமவெளி ஆட்களிடம் மலையைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவேன். கேட்கிறவர்கள் நான் மலையிலேயே பிறந்தவன் என்றுகூட நினைத்திருக்கிறார்கள். நானும் அதை மறுக்கவில்லை.

போன வருடம் பொங்கல் முடிந்த வாரத்தில் மனைவியின் அக்கா, அவருடைய கணவர், கல்லூரியில் படிக்கும் மகள் மூவரும் சென்னையிலிருந்து புது காரில் வந்தார்கள். மனைவியின் அக்காவை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன்; ரொம்ப நல்லவர். சகலையும் நல்லவர்தான், ஆனால் எதைப் பார்த்தாலும் அதன் விலையும் அது எங்கே இன்னும் நன்றாகக் கிடைக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். அதாவது அவருக்கும் என் வியாதிதான். ஒரே வித்தியாசம், அவருக்கு நிஜமாகவே தெரியும்.

கேரளத்துப் பக்கம் சுற்றுலா போய்வந்த படங்களை அண்ணி போனில் காட்டினார். ஒரு மலை உச்சி ஓட்டல். சுவருக்குப் பதிலாகக் கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேகம், இந்தப் பக்கம் முள்கரண்டியோடு அண்ணி. என் மனைவி ஒவ்வொரு படத்தையும் விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். "நல்லாருக்குதுக்கா" என்றாள். அடுத்த படத்துக்கும் அதையே சொன்னாள்.

"உனுக்குத்தான் மலை பக்கத்துலயே இருக்குதேடி" என்றார் அண்ணி. "இவரு இந்த மாதிரி எங்கனா கூட்டிகினு போயிருக்காரா?"

குத்திக் காட்டிக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார். மனைவி புடவைத் தலைப்பை மடிமேல் வைத்து நீவிக்கொண்டிருந்தாள். அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. வாய் திறந்துகொண்டது.

"ஏன், நம்ம மலையிலயும் ஒண்ணு இருக்குதே அண்ணி! உச்சியில. நாலு பக்கமும் வியூ. அங்க உக்காந்து சாப்பிட்டா எழுந்து வர மனசே வராது. நாளைக்கே போலாம்."

மனைவி என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையை நான் அறிவேன். திருநாவலூர்க் குடும்பத்தை வண்டி ஏற்றியபோது பக்கத்தில் அவளும்தான் இருந்தாள். போட்டுக் கொடுத்துவிடுவாள் என்று நினைத்தேன். அவளோ அக்காவிடம் திரும்பி, "ஆமாக்கா. இவருக்கு மலையெல்லாம் அத்துப்படி. நாளைக்கு அங்கதான் சாப்பாடு" என்றாள்.

என் மானம் மாதத்துக்கு இரண்டு முறை போகும், வரும். அதைப் பற்றிக் கவலையில்லை. இப்போது அவளும் கூடச் சேர்ந்து வாக்குக் கொடுத்துவிட்டாள். ஓட்டல் இல்லையென்றால் அவளுடைய அக்கா முன்னால் அவளுக்குத்தான் தலைகுனிவு. சாயங்காலமே மாடிக்குப் போய், உரம் வாங்க வரும் மலைக்காரர்கள் நாலு பேருக்குப் போன் போட்டேன். நாலு பேரும் தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தார்கள்.

மறுநாள் காலை வழிகாட்டி என்ற முறையில் முன் இருக்கை எனக்குத்தான். கச்சிராயபாளையம் தாண்டி, அணை தாண்டி, கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பித்தன. நாலாவது வளைவில் அண்ணிக்குத் தலை சுற்றியது. ஆறாவதில் எனக்கும் சுற்றியது. ஆனால் எத்தனையோ வாட்டி வந்தவனுக்குத் தலை சுற்றக்கூடாது என்பதால் வாயை மூடிக்கொண்டு எச்சிலை விழுங்கினேன். ஏற்றம் முடிகிற இடத்தில் ஒரு டீக்கடை இருந்தது. சகலை வண்டியை ஓரங்கட்டினார்.

தகரக் கூரை, சாலையைப் பார்த்து இரண்டு பெஞ்சு, ஒரு பாய்லர். சிலேட்டுப் பலகையில் சாக்கட்டியால் "சாப்பாடு ஆர்டரின் பேரில்" என்று எழுதியிருந்தது. சுற்றிலும் பனி மூடியிருந்ததால் கடைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதே தெரியவில்லை. கடைக்காரப் பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும். டீயைக் கையில் கொடுத்தபடியே, "மத்தியானத்துக்கு எத்தினி பேருக்கு ஆக்கட்டும்ங்க?" என்று கேட்டார்.

மலையில் அதுதான் வழக்கம். வருவார்களோ மாட்டார்களோ என்று தெரியாமல் யாரும் உலை வைப்பதில்லை. மேலே போகும்போதே தலையெண்ணிக்கையைச் சொல்லிவிட வேண்டும்; இறங்கும்போது சாப்பிடலாம். சொல்லாமல் போனவர்களுக்கு டீயும் வாழைப்பழமும்தான். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அப்போது ஏதோ ஆள் பிடிக்கிறார் என்று நினைத்தேன்.

"அதெல்லாம் வேணாம்மா. மேல ஓட்டல்ல சொல்லி வச்சாச்சி" என்றேன், சகலைக்குக் கேட்கும்படி.

"மேல எந்த ஓட்டலுங்க?"

"உனக்குத் தெரியாதும்மா" என்றேன்.

அந்த மலையிலேயே பிறந்து, அந்த மலையிலேயே வாழ்க்கைப்பட்டு, அதே வளைவில் கடை வைத்திருக்கும் ஒரு பெண்ணிடம் நான் அப்படிச் சொன்னேன். இப்போது எழுதும்போதுகூடக் காது சூடாகிறது. அந்தப் பெண் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். என் மனைவி முகம் கழுவிவிட்டு வருகிறேன் என்று கடைக்குப் பின்பக்கம் போனாள். போனவள் பத்து நிமிடம் வரவில்லை. "மொகம் கழுவ இவ்ளோ நேரமா?" என்று அதட்டினேன். ஈர முகத்தோடு வந்து வண்டியில் ஏறிக்கொண்டாள்.

கரியாலூர் தாண்டியதும் அண்ணி மகளின் போனில் வரைபடம் நின்றுவிட்டது. "சித்தப்பா, சிக்னல் போச்சி. இனிமே நீங்கதான் மேப்" என்றாள் அந்தப் பெண். நான் கெத்தாகத் தலையாட்டினேன். முதல் பிரிவில் இடது கையைக் காட்டினேன். அந்தத் தார்ச்சாலை சிமெண்டுச் சாலையாகி, மண்பாதையாகி, கடைசியில் ஒரு மரவள்ளிக் கொல்லையில் முடிந்தது. "இப்பிடி ஒரு எடம் இருக்குதுன்னு காட்டத்தான் கூட்டியாந்தேன்" என்றேன். எல்லோரும் இறங்கி மரவள்ளியைப் பார்த்தார்கள். சகலை ஓர் இலையைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, "மரவள்ளி" என்றார். "ஆமா" என்றேன்.

அடுத்து ஒரு மேட்டின்மேல் பாதி கட்டிய கட்டடம் ஒன்று தெரிந்தது. அதுதான் என்று எனக்கே தோன்றிவிட்டது. ஏனென்றால் அது உச்சியில் இருந்தது. ஏறிப் போனோம். கதவு ஜன்னல் எதுவும் இல்லை. நாலு கோழியும் ஒரு சிமெண்டு மூட்டையும் இருந்தன. "இன்னும் தெறக்கல போலிருக்குது" என்றேன். "இன்னும் கட்டலன்னு சொல்லு சகல" என்றார் அவர்.

ஒரு மணிக்கு வெள்ளிமலை கடைத்தெருவுக்கு வந்தோம். ஒரு சின்ன ஓட்டலில் பிரியாணி தம் உடைத்துக்கொண்டிருந்தார்கள். வாசனை காருக்குள்ளேயே வந்தது. அண்ணி மகள், "சித்தப்பா, இங்கயே சாப்டுடலாமே" என்றாள். சகலை எட்டிப் பார்த்து, "வியூ எங்க?" என்றார். எதிரே பஞ்சர் கடை இருந்தது. அங்கேயே இறங்கியிருக்கலாம், கௌரவமாகச் சாப்பிட்டிருக்கலாம். நானோ, "சேச்சே, இதுலயா? நம்ம ஓட்டலு வேற" என்று சொல்லி வண்டியைக் கிளப்பச் சொன்னேன். நம்ம ஓட்டலாம்! பின்னால் திரும்பி மனைவியைப் பார்த்தேன். அவள் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் பதற்றமே இல்லை. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

அதன் பிறகு ஒண்ணுக்குப் போவதாகச் சொல்லி இறங்கி, சாலையோரம் சாமை தூற்றிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் ரகசியமாக விசாரித்தேன்.

"மேல ஓட்டலு எங்கனா இருக்குதுங்களா?"

"வெள்ளிமலையில இருக்குதே. நெறைய இருக்குது."

"அது இல்லிங்க. வியூ இருக்கற ஓட்டலு. சாப்பிட்டுகினே மலை தெரியற மாதிரி."

பெரியவர் முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சுற்றிலும் ஒரு முறை பார்த்தார். நாலு பக்கமும் மலைதான். "மலைமேல நின்னுகினு மலை தெரியணும்னு கேக்கற. இன்னா கேக்கற நீ?" என்றார். எனக்கே அது நியாயமாகப் பட்டது.

இரண்டரை மணிக்கு வெள்ளிமலைக்கே திரும்பி வந்தோம். பிரியாணிக் குண்டானைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். "தீந்துபோச்சிங்க. அஞ்சு மணிக்குப் புரோட்டா" என்றார் ஓட்டல்காரர். சகலை சிரித்தார். "சகல, உன் ஓட்டலுக்குப் போறதுக்குள்ள ராத்திரி டிபனே வந்துடும் போல" என்றார். அண்ணி சிரிக்கவில்லை. தங்கையைப் பார்த்து, "பரவால்லடி. கீழ போய் சாப்டுக்கலாம். வுடு" என்றார். அந்தக் குரலில் இருந்த பரிதாபம் என் காதில் ஈயமாக இறங்கியது. வாழ்நாளில் முதல்முறையாக என் மனைவிக்கு அவள் அக்கா முன்னால் சொல்லிக்கொள்ள ஒரு விஷயம் இருந்தது. அதையும் நான் மரவள்ளிக் கொல்லையில் கொண்டுபோய்த் தொலைத்துவிட்டேன்.

மலை இறங்கக் கிளம்பினோம். காலையில் நின்ற டீக்கடை தூரத்தில் தெரிந்ததும் மனைவி சகலையிடம், "மாமா, இங்க நிறுத்துங்க" என்றாள்.

நான்தான் முதலில் குதித்து இறங்கினேன். அந்தக் கடைக்காரப் பெண்ணின் காலில் விழுந்தாவது அஞ்சு பேருக்கு நாலு கவளம் சோறு கேட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். நான் வாய் திறப்பதற்குள் அவர் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். "இன்னாங்க இவ்ளோ லேட்டு? கொழம்பை ரெண்டுவாட்டி சுட வச்சிட்டேன். இலை போட்டாச்சி, பின்னால வாங்க" என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சகலையும் என்னைப் பார்த்தார். அப்போது என் மனைவி காரிலிருந்து இறங்கி, ரொம்ப சாதாரணமாக, "இதான் மாமா அந்த ஓட்டலு. காலையில போகும்போதே இவரு அஞ்சு பேருக்கு சொல்லி வச்சிட்டாரு. நல்லா பசி எடுக்கட்டும்னுதான் சுத்திக்காட்டிகினு இருந்தாரு" என்றாள்.

யோக்கியனாக இருந்தால் அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருப்பான். நான் என்ன செய்தேன் தெரியுமா? இடுப்பில் கைவைத்து, "பின்னே?" என்றேன்.

கடைக்குள் புகுந்து, அடுப்பைத் தாண்டிப் பின்பக்கம் போனோம். அங்கே ஒரு தொட்டி, ஒரு பிளாஸ்டிக் குடம், பாத்திரம் தேய்க்கிற கல். அது கை கழுவுகிற இடம். அதற்கு அப்புறம் தரையே இல்லை. மலை அப்படியே இறங்கி, கீழே அணையின் தண்ணீர், கரும்புக் கொல்லைகள், சர்க்கரை ஆலையின் புகைபோக்கி, அதையும் தாண்டி ஊர் ஊராகச் சமவெளி முழுவதும் விரிந்து கிடந்தது. பனி சுத்தமாக விலகியிருந்தது. முன்னால் கிடந்த இரண்டு பெஞ்சுகளையும் தூக்கிவந்து அங்கே போட்டு, நடுவில் ஒரு மேசை வைத்து அதன்மேல் வாழையிலை விரித்திருந்தார்கள். அண்ணி மகள் "ஐயோ!" என்று கத்திவிட்டாள். சகலை விளிம்புவரை போய் எட்டிப் பார்த்தார். பிறகு, "கண்ணாடி வேற இல்ல. இது அந்தக் கேரளா ஓட்டல வுட ஜாஸ்தி" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதே இல்லை.

சாமைச் சோறு, நாட்டுக்கோழிக் குழம்பு, மொச்சைப் பொரியல், ரசம். அண்ணி மூன்று முறை சோறு வாங்கினார். வாங்கும்போதெல்லாம் தங்கையின் தொடையில் தட்டி, "நீ குடுத்து வச்சவடி" என்றார். மனைவி தலைகுனிந்து சிரித்துக்கொண்டே சாப்பிட்டாள். அவளை அப்படிப் பார்த்து ரொம்ப நாளாகிறது.

ரசம் கேட்கிற சாக்கில் நான் உள்ளே போனேன். "ஏம்மா, நான்தான் வேணான்னேனே" என்றேன் தணிந்த குரலில்.

"நீங்க வேணான்னீங்க. அந்தக்கா மொகம் கழுவ வந்தப்ப அஞ்சு பேருக்கு ஆக்கச் சொல்லிட்டுப் போச்சி" என்றார் அவர், ரசத்தை ஊற்றிக்கொண்டே. "'மேல ஓட்டல் எதுவும் இருக்காது, இவருக்கு வழியும் தெரியாது, மூணு மணிக்குள்ள பசியோட வந்துருவோம்'னு சொல்லிச்சி. பெஞ்சை பின்னால போடுன்னும் அதான் சொல்லிச்சி. கை கழுவற எடத்துல யாருங்க சாப்புடுவாங்கன்னு கேட்டேன். பனி விலகினா நல்லாருக்கும், போடுன்னுச்சி. ரொம்ப நேரம் அங்கயே நின்னு கீழ பாத்துகினே இருந்திச்சி."

"எதுக்கு?"

"அவங்க வூடு தெரியுதான்னு. காலையிலதான் பனியாச்சே, எங்க தெரியும்?"

ரசத்தை வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது, ஓட்டலைப் பற்றியல்ல. என் பொய் எத்தனை மணிக்குத் திரும்பி வரும் என்பதுவரை கணக்காகத் தெரிந்து, அதற்குச் சோறாக்கி வைக்கச் சொல்லியிருக்கிறாள். இருபத்திரண்டு வருடமாக இதைத்தான் செய்துகொண்டிருந்தாளோ என்று தோன்றியது. எத்தனை இடத்தில் எனக்குத் தெரியாமல் அவள் முன்கூட்டியே போய்ச் சொல்லி வைத்திருந்தாள் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

வெளியே வந்தபோது அண்ணி மகள் போனை நீட்டியபடி, "சித்தப்பா, இந்த ஓட்டலை மேப்ல போடப் போறேன். பேரு இன்னா?" என்று கேட்டாள். கடைக்குப் பெயரே கிடையாது. வேறு ஒரு நாளாக இருந்தால் அங்கேயே ஒரு பெயர் வைத்து, அதற்கு ஒரு காரணமும் சொல்லியிருப்பேன். "உங்க சித்தியக் கேளு" என்றேன்.

எல்லோரும் முன்பக்கம் போய்விட்டார்கள். மனைவி தொட்டியோரம் கை கழுவிக்கொண்டிருந்தாள். நான் குடத்தைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்றினேன். அவள் கையை உதறாமல் சமவெளியைப் பார்த்தபடி, "இங்கேருந்து நம்ம வூடு எங்க இருக்குது?" என்று கேட்டாள்.

கை பழக்கதோஷத்தில் தூக்கிக்கொண்டது. புகைபோக்கிக்கு வலதுபக்கம் வெள்ளையாக ஏதோ தெரிந்தது, அதைக் காட்டியிருக்கலாம். நம்பியிருப்பாள், அல்லது நம்பியதாகக் காட்டிக்கொண்டிருப்பாள். கையை இறக்கினேன்.

"தெரியல" என்றேன்.

அவள் சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தாள். "இன்னா சொன்னீங்க?"

"எனக்குத் தெரியல. நான் இங்க வந்ததே இல்ல. இன்னிக்கித்தான் மொத வாட்டி."

அவள் ஈரக் கையைத் தூக்கி என் நெற்றியில் வைத்து, காய்ச்சல் அடிக்கிறதா என்று பார்த்தாள்.